வீலியும் ட்ரெக்ஷன் கொன்ட்ரோலும்: விற்பவர் விளங்கிக்கொள்ள வேண்டியவை

மோட்டார் சைக்கிள் டயரும் உதிரிப்பாகமும் விற்கும் என் போன்றவர்களிடம் முன்பெல்லாம் விலையைத்தான் கேட்பார்கள். இப்போது பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் வந்து கேட்பது வேறு. "நானா, ட்ரெக்ஷன் கொன்ட்ரோலை ஓஃப் பண்ணினா வீலி அடிக்க ஏலுமா?"

முன் சில்லை மேலே தூக்கிப் பின் சில்லில் மட்டும் ஓடுவதைத்தான் வீலி என்கிறார்கள். பொது வீதியில் அது எவ்வளவு தகாத வேலை என்பதை அவர்களுடைய வாப்பாமார் எடுத்துச் சொல்லட்டும். நான் எழுத வந்தது நம்முடைய பங்கைப் பற்றி. அந்தப் பிள்ளைக்கு டயர் மாற்றிக் கொடுப்பவர், ஸ்ப்ரொக்கெட் விற்பவர், பிறகு அதே வண்டியைப் பாவித்த வண்டியாக வாங்கி விற்பவர் எல்லோரும் வியாபாரிகள்தான். வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கை வைத்தால், காசை இழப்பது ஒருவர், காலை முறித்துக்கொள்வது இன்னொருவர்.

ட்ரெக்ஷன் கொன்ட்ரோல் ஒரு காலத்தில் பெரிய பைக்குகளின் சொத்தாக இருந்தது. 1992இல் ஹொண்டா தனது எஸ்.டி. 1100 வண்டியில் அதைப் பொருத்தியது. 2008இல் டுகாட்டி 1098 ஆர் வண்டியில் ரேஸ் ஓட்டத்திலிருந்து வந்த எட்டு நிலை ட்ரெக்ஷன் கொன்ட்ரோல் இருந்தது. 2021இல் யமஹாவின் 155 சிசி ஆர்15க்கும், 2023இல் 149 சிசி எப். இஸட். எஸ்.ஸுக்கும் அது வந்துவிட்டது. இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடத்தில் உலகத்தில் வண்டிகள் மாறிவிட்டன. நமது கராஜ்களில் பலருக்குக் கை பழகியது அதற்கு முந்திய வண்டிகளில்.

விடயம் இவ்வளவுதான். இரண்டு சில்லிலும் பல்லுள்ள அல்லது துளையுள்ள ஒரு வளையம் இருக்கும், பக்கத்தில் ஒரு சென்சர் இருக்கும். எந்தச் சில்லு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கணினிக்கு அது சொல்லிக்கொண்டே இருக்கும். மணலிலோ மழைத் தண்ணீரிலோ பின் சில்லு பிடி விட்டுச் சுழன்றால், அதன் வேகம் முன் சில்லைவிடக் கூடிவிடும். கணினி உடனே எஞ்சினின் சக்தியைக் குறைக்கிறது. தீப்பொறியைத் தாமதமாக்கும் அல்லது நிறுத்தும், பெற்றோலைக் குறைக்கும், சில வண்டிகளில் எக்ஸிலேட்டரையே தானாக மூடும்.

இப்போது வீலிக்கு வாருங்கள். முன் சில்லு தரையை விட்டதும் அதைச் சுற்றுவதற்கு வீதி இல்லை. பெயாரிங்கும் ப்ரேக் பேடும் காற்றும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்குகின்றன. பின் சில்லோ வேகம் எடுத்துக்கொண்டிருக்கிறது. சாதாரண கணினிக்கு வண்டி மேலே தூக்கியிருப்பது தெரியாது. "பின் சில்லு வழுக்குகிறது" என்றே அது முடிவு செய்து சக்தியை வெட்டுகிறது. முன் சில்லு கீழே வருகிறது. அதாவது, மலிவான வண்டிகளில் ட்ரெக்ஷன் கொன்ட்ரோல் வீலியைத் தடுப்பது தவறாக விளங்கிக்கொண்டதால் கிடைத்த பலன். இதில் இரண்டு சிக்கல். கிளச்சை வெடுக்கென்று விட்டு வண்டியைத் தூக்கினால், கணினி விழிப்பதற்கு முன்னரே முன் சில்லு உயர எழுந்துவிடலாம். பிறகு அது சக்தியை வெட்டும்போது சில்லு "தொப்" என்று விழும். ஹேன்டில் கொஞ்சம் கோணலாக இருந்தால் ஓட்டுபவர் வீதியில்தான்.

ஆகவே "ட்ரெக்ஷன் கொன்ட்ரோல் இருக்கிறது, பயமில்லை" என்று சொல்லி விற்பது பாதி உண்மை. அது வழுக்கலுக்காகச் செய்த பொருள்.

வீலிக்கென்றே தனியாகச் செய்த பொருளும் உண்டு. 2011 காலத்து ஏப்ரிலியா ஆர்.எஸ்.வி.4 வண்டியில் ட்ரெக்ஷன் கொன்ட்ரோலுக்கு எட்டு நிலை, வீலி கொன்ட்ரோலுக்கு வேறாக மூன்று நிலை. 2015இல் யமஹா ஆர்1 வண்டிக்குள் ஆறு வகை அசைவை அளக்கும் ஒரு பெட்டியை வைத்தது. வண்டியின் மூக்கு மேலே எழுகிறதா, எவ்வளவு விரைவாக எழுகிறது என்பதை அது நேரடியாகவே அறியும். வழுக்கல் ஒரு கணக்கு, தூக்கல் இன்னொரு கணக்கு. அதனால் சக்தியை முழுமையாக வெட்டாமல், சில்லைச் சற்று உயரத்தில் பிடித்து மெதுவாக இறக்க முடிகிறது. பி.எம்.டபிள்யூ. எஸ். 1000 ஆர்.ஆர். வண்டியின் முதற் பதிப்பில் மழை, ஸ்போர்ட், ரேஸ், ஸ்லிக் என்று நான்கு நிலை வைத்தார்கள். ஓட்டத்திடலுக்கான ஸ்லிக் நிலையில் மட்டும் சில வினாடிகள் முன் சில்லைத் தூக்க விட்டது.

நிலைகளின் இலக்கத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான வண்டிகளில் இலக்கம் கூடினால் கணினியின் தலையீடும் கூடும். ஆனாலும் வண்டியோடு வரும் கைநூலைப் பார்க்காமல் வாடிக்கையாளருக்கு எதையும் சொல்ல வேண்டாம். சாவியை மூடித் திறந்தால் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும் வண்டிகளும் நிறைய உள்ளன.

ரேஸ்காரர்களுக்கு வீலி என்றால் வெறுப்பு என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. முன் சில்லு தூக்கினால் சக்தியைக் குறைக்க வேண்டும், குறைத்தால் நேரம் நட்டம். மோட்டோ ஜீ.பி. போட்டியில் 2016இல் எல்லா அணிக்கும் ஒரே வகைக் கணினி மென்பொருள் கட்டாயமானது. பெரிய கம்பனிகள் தாமே செய்து வைத்திருந்த நுட்பமான வீலி கட்டுப்பாட்டைக் கைவிட வேண்டி வந்தது. அந்த வருடம்தான் பைக்குகளின் மூக்கில் சின்னச் சின்னச் சிறகுகள் பெருகின. டுகாட்டி முந்திய வருடமே ஆரம்பித்திருந்தது. சிறகு காற்றைக் கொண்டு முன் சில்லைக் கீழே அமுக்குகிறது, எஞ்சினிலிருந்து எதையும் வெட்டுவதில்லை. செலவைக் குறைக்காமல் நட்டத்தைக் குறைப்பது போன்ற வேலை.

இனி நம் கடைக்கு வருவோம். ஸ்ப்ரொக்கெட்டை மாற்றித் தரும்படி கேட்பவர்கள் உண்டு. முன்னால் 15 பல்லை எடுத்து 14 போட்டால் பின் சில்லுக்குப் போகும் இழுவை ஏறக்குறைய 7 வீதம் கூடும். வண்டி இலகுவாகத் தூக்கும், உச்ச வேகம் குறையும். பின் வேகத்தைச் சில்லிலேயே அளக்கும் வண்டிகளில் ட்ரெக்ஷன் கொன்ட்ரோலுக்கு இதனால் குழப்பமில்லை.

டயரில்தான் குழப்பம். ஆர்15இன் பின் டயர் 140/70-17. பார்வைக்குப் பருமனாக இருக்க வேண்டும் என்று 150/60-17 கேட்பார்கள். அகலம் கூடினால் உயரமும் கூடும் என்றுதான் நாம் நினைப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாவதின் விட்டம் சுமார் 628 மில்லிமீற்றர், இரண்டாவது சுமார் 612. ஒரு சுற்றுக்கு 5 சென்ரிமீற்றர் குறைவு. அதனால் பின் சில்லு எப்போதும் இரண்டரை வீதம் அளவுக்குக் கூடுதலாகச் சுற்றும். சில கணினிகள் சிறு வித்தியாசத்தைத் தாமே பழகிக்கொள்ளும். பழகாத கணினியோ வழுக்கல் என்று எண்ணித் தேவையில்லாத இடத்தில் சக்தியை வெட்டும். "எஞ்சின் விட்டு விட்டு இழுக்குது" என்று வண்டியைக் கராஜுக்குக் கொண்டு வருவார்கள். அங்கே ப்ளக்கை மாற்றுவார்கள், பெற்றோல் பம்பைக் கழற்றுவார்கள், டயரை மட்டும் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். உயரமான டயர் போட்டால் நேர்மாறு. கணினி தாமதித்தே விழிக்கும்.

டயர் கழற்றும்போது சென்சர் வயரை இழுத்துவிடுவது இன்னொரு வழக்கம். ஏ.பீ.எஸ். ப்ரேக்குக்கும் ட்ரெக்ஷன் கொன்ட்ரோலுக்கும் அதே சென்சர்தான் தகவல் கொடுக்கிறது. ஒரு வயர் போனால் இரண்டும் போகும். வீலி அடிப்பதற்காக வேண்டுமென்றே வயரைக் கழற்றித் தரச் சொல்பவர்களிடம் இதைத்தான் நான் சொல்வது. தம்பி, நீர் ஓஃப் பண்ணச் சொல்வது ட்ரெக்ஷன் கொன்ட்ரோலை மட்டுமல்ல, மழையில் உமது ப்ரேக்கையும் சேர்த்துத்தான். பாதிப் பேர் அத்தோடு போய்விடுவார்கள். மீதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போவார்கள், அதற்கு நான் என்ன செய்ய?

பாவித்த பைக் வாங்கும் சகோதரர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். வீலி அடித்த வண்டி பொய் சொல்லாது. முன் போர்க் சீலில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முன் சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, ஹேன்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் "டக்" என்று பிடித்தால் ஸ்டியரிங் பெயாரிங் அடி வாங்கியிருக்கிறது. பின் நம்பர் பிளேட்டின் அடியிலும் மட்காட்டிலும் உராய்வைத் தேடுங்கள். கிளச் தேய்ந்திருக்கும். நீண்ட நேரம் மூக்கைத் தூக்கி ஓடினால் எஞ்சின் எண்ணெய் பின்னுக்கு ஒதுங்கி, பம்புக்கு எட்டாமல் போவதும் உண்டு. அந்தச் சேதம் வெளியே தெரியாது, எஞ்சின் சத்தத்தில்தான் தெரியும்.

கடைசியாக மீட்டர். சாவியைத் திறந்ததும் ஏ.பீ.எஸ். விளக்கு எரிய வேண்டும், வண்டி சிறிது தூரம் ஓடியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் சென்சரோ வயரோ போயிருக்கிறது, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். விளக்கே எரியாவிட்டால் யாரோ மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். எவ்வளவு குறைத்துத் தந்தாலும் அந்த வண்டியை நான் எடுப்பதில்லை.