செஞ்சோற்றுக் கடனும் ஓர் ஆட்ட வீரனும்

கும்பகருணனா வீடணனா உயர்ந்தவன் என்னும் வழக்கை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகின்றேன். நான் என்றும் கும்பகருணன் பக்கமே. உண்ட வீட்டை விட்டு மாற்றார் வீடு புகுந்தவனுக்கு ஆயிரம் நியாயம் இருக்கலாம், நெஞ்சு ஒப்புவதில்லை. மெல்பேணிற் குடியேறிய என் பழைய மாணவர் ஒருவர், சென்ற விடுமுறையில் வந்திருந்தபோது, அந்நகரத்து வழக்கொன்றை என் முன் வைத்தார். அதன்பின் என் தீர்ப்பு சற்றே ஆட்டங் கண்டுள்ளது.

அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் நாமறிந்த உதைபந்தாட்டம் அன்று. நீள்வட்டத் திடலில், முட்டை வடிவப் பந்தைக் கையாற் பற்றியும் காலால் உதைத்தும், பக்கத்துக்குப் பதினெண்மராக ஆடுவது. மெல்பேணில் கழகப் பற்று தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்கும் சொத்து.

ரொன் பராசியின் தந்தையாரும் அதே பெயரினர். மெல்பேண் கழகம் 1940இல் வாகை சூடியபோது அவ்வணியில் ஆடியவர். மறு ஆண்டு டொப்ரூக் போர்க்களத்தில் மாண்டார். மைந்தனுக்கு அப்பொழுது வயது ஐந்து. பின்னாளில் தாயார் தஸ்மேனியாவுக்குச் சென்றபோது, தந்தையின் தோழரான நோர்ம் சிமித் அவனைத் தம் இல்லத்தில் வைத்துக்கொண்டார். அவரே மெல்பேண் கழகத்தின் பயிற்றுநர். சோறும் கல்வியும் ஓரிடத்தே கிடைத்தன. குருகுலம் என்பது வேறென்ன? 1953இல், தந்தை அணிந்த 31ஆம் இலக்கத்தையே அணிந்து பராசி களம் புகுந்தார். 1955 முதல் 1964 வரை கழகம் ஆறு முறை வாகை சூடியது. ஆறிலும் ஆசிரியர் சிமித், மாணவர் பராசி.

1964ஆம் ஆண்டின் இறுதியில், பன்னிரு கழகங்களுள் பத்தாம் இடத்திற் கிடந்த கார்ல்டன், அவரை அணித்தலைவரும் பயிற்றுநருமாக வருமாறு அழைத்தது. பராசி சென்றார். மெல்பேண் அன்பர்கள் கொதித்தனர்.

பொருள் பெரிதாகத்தான் கொடுத்தார்கள். ஆயின் பொருளுக்காகப் போனான் என்பது சோம்பேறித் தீர்ப்பு. ஆசிரியர் ஆளும் கூடத்தில் மாணவன் எத்துணை வளரினும் சட்டாம்பிள்ளையே. அவன் ஆசிரியனாக வேண்டின், ஒன்றில் அவர் எழுந்து இடந்தரல் வேண்டும். அன்றேல் அவன் வெளியேறல் வேண்டும்.

இவ்விடத்தே என் கதையை மறைப்பது நேர்மையன்று. என்னிடம் நன்னூல் கற்ற ஒருவன், எங்கள் கல்லூரியிலேயே ஆசிரியனாவான் என்றிருந்தேன். அவன் பிறிதொரு கல்லூரிக்குச் சென்றான். விடைபெற வந்த நாளில் நான் ஏட்டிலிருந்து தலை நிமிரவில்லை. என் வகுப்பையன்றி அவனுக்குக் கொடுக்க அங்கே வேறு வகுப்பு இருக்கவில்லை என்பது அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை.

மைந்தனை இழந்த அக்கழகம், 1965 யூலையில் சிமித்தையே நீக்கிற்று. சில நாட்களில் மீண்டும் அழைத்துக்கொண்டது. கார்ல்டனோ பராசியின் கீழ் 1968இலும் 1970இலும் வென்றது. 1970 இறுதிப் போட்டியில், 121,696 பேர் பார்த்திருக்க, இடைவேளையில் 44 புள்ளிகள் பின்தங்கி நின்று, கொலிங்வூட் கழகத்தை 10 புள்ளிகளால் வீழ்த்தியது. மெல்பேண் மீண்டும் வாகை சூட 2021 வரை, ஐம்பத்தேழு ஆண்டுகள், காத்திருந்தது.

இடையே, 1981இல், பழைய வீடே பராசியைப் பயிற்றுநராக அழைத்தது. அவரும் திரும்பி வந்து ஐந்து பருவங்கள் பணியாற்றினார். கதவருகே நின்று வரவேற்கச் சிமித் இல்லை. அவர் 1973இலேயே காலமாகியிருந்தார்.