ஆலாத்தித் தட்டில் ஒரு பாடம்

“ஆலாத்தித் தண்ணீர் ஏன் சார் சிவப்பாக இருக்கிறது?”

அக்காள் கல்யாணம் முடிந்து வகுப்புக்கு வந்த ஐந்தாம் ஆண்டு மாணவி கேட்டாள். மஞ்சளிலும் சிவப்பில்லை, சுண்ணாம்போ வெள்ளை!

மறுநாள் வகுப்பிலேயே கலக்கிக் காட்டினேன். சிவந்த நீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்ததும் மறுபடியும் மஞ்சளாயிற்று. பிள்ளைகள் கைதட்டினார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம். எதன் கை ஓங்கியிருக்கிறது என்பதை மஞ்சள் நிறம் மாறிச் சொல்கிறது. (இந்தக் காரம் மிளகாய்க் காரமல்ல!)

நம் கேமரன் மலைத் தேயிலை புளிப்பு மண்ணில்தான் செழிக்கும். டென்மார்க் விஞ்ஞானி சோரன்சென் 1909-இல் வகுத்த பி.எச். அளவில் 7 என்பது நடு. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தேயிலைக்கு ஏற்ற மண் 4.5 முதல் 5.5 வரை. ஓர் எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடும். முட்டைக்கோசுக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. அதனால்தான் காய்கறித் தோட்டக்காரர்கள் மண்ணில் சுண்ணாம்பு போடுகிறார்கள்.

அமிலம் என்றாலே நஞ்சல்ல. நீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதே கேள்வி. ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் அமிலம் நூற்றுக்கு 5 பங்கு அளவுதான். அதே அமிலம் தண்ணீர் கலக்காமல் தோலில் பட்டால் வெந்துவிடும். ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமும் முசுறு எறும்பிடம் உள்ளதுதான். எறும்பிடம் துளியிலும் துளி. டின்னில் இருப்பதோ கடுங்கரைசல்.

நான் சிறுவனாய் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பையன் ஆரஞ்சு பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த அமிலத்தைத் தண்ணீரென்று குடித்துவிட்டான். பதறிப்போய், வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீர் புகட்டினார்கள். இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுட்டது. உயிர் தப்பினான். ஆனால் வெகுகாலம் கஞ்சிதான் அவனுக்கு இறங்கியது.

ஆகவே தாய்மார்களே, குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். அமிலத்துக்குக் காரம் மாற்று என்று படித்த பிள்ளைகள் எலுமிச்சை பிழியப் போவார்கள், விடாதீர்கள்! இரண்டும் சேரும்போது சூடு பிறக்கும். புண் இன்னும் ஆழமாகும். துணி வெளுக்கும் குளோராக்சையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

வீட்டில் பெயர் எழுதாத பாட்டில்களை எண்ணி வரச் சொல்லியிருந்தேன். ஆலாத்தி கேட்ட அதே பெண் மறுநாள் வந்து சொன்னாள்: “எங்க வீட்ல மூணு சார். ஒண்ணு ஜூஸ் பாட்டில். தம்பிக்கு எட்டுற இடத்துல இருந்துச்சு.”