சுவரைப் பற்றும் வெள்ளையணுக்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் தகட்டையும் கம்பியையும் கையாள்வோருக்கு விரலில் கீறல் படுவது புதிதன்று. சிறிது நேரத்தில் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கும். எம்மிடம் வருவோர் பலர் அவ்வீக்கத்தையே நோயென எண்ணுகின்றனர். அது உடலின் தற்காப்பு. அழற்சி என்று பெயர்.

வெள்ளையணுக்கள் இரத்தத்தோடு விரைந்து செல்பவை. காயத்தருகே அவை நின்றாக வேண்டும். அங்கே இரத்தக் குழாயின் உட்சுவர் செலக்டின் என்னும் புரதங்களை நீட்டுகிறது. வெள்ளையணுவின் மேலுள்ள ஒருவகைச் சர்க்கரை அவற்றில் சிக்கிச் சிக்கி விடுபட, அணு சுவரோரமாக உருண்டு வேகம் குறைகிறது. பின்னர், அணுவின் மேலுள்ள இன்டெக்ரின் என்னும் புரதம் சுவரை இறுகப் பற்றுகிறது. நின்ற அணு சுவரைக் கடந்து வெளியேறிக் கிருமிகளை விழுங்குகிறது.

இப்பிடிப்பு இல்லையெனில் என்னாகும்? 1952இல் மும்பையில் மருத்துவர் பெண்டேயும் குழுவினரும் ‘பம்பாய் இரத்த வகை’யை அறிவித்தனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1992இல், அதே இரத்த வகை கொண்ட இரு சிறுவர்களைப் பற்றி இஸ்ரேல் மருத்துவர்கள் எழுதினர். ஃபியூகோஸ் என்னும் சர்க்கரையை அவர்கள் உடல் முறையாகச் சேர்க்கவில்லை. அதனால் இரத்த வகையின் அடையாளமும், அணு உருளத் தேவையான பிடியும் ஒருங்கே இல்லாமற்போயின. இரத்தத்தில் வெள்ளையணுக்கள் மிகுந்திருந்தும் தொற்று விடாது வந்தது. (பம்பாய் வகையினர் அஞ்ச வேண்டா, அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இக்குறை இல்லை.)

இன்டெக்ரின் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளும் அரிதாக உண்டு. அவர்களுக்குப் புண்ணில் சீழ் கட்டாது. தொப்புள்கொடியும் காலத்தில் விழாது. கொடி பொதுவாக ஓரிரு வாரத்தில் விழும். மூன்று வாரம் கடந்தும் விழாவிடினும், தொப்புளைச் சுற்றி எப்போது சிவந்தாலும், குழந்தையை மருத்துவரிடம் காட்டுக.

பெரியவர்களுக்கு இடர் வேறு வழியில் வருகிறது. வீக்கம் வற்றவென்று மருந்துக்கடையில் தாமாக வாங்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். அது இப்பிடிப்பைத் தளர்த்தும். சுவரில் ஒட்டியிருந்த அணுக்கள் இரத்த ஓட்டத்தில் சேர்வதால் பரிசோதனையில் எண்ணிக்கை உயர்ந்து காட்டும். காயத்திலோ காவல் குறையும். வீக்கம் வற்றும், கிருமி தங்கும். அதற்காக, ஆஸ்துமா போன்ற நோய்க்கு மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்துதல் கூடாது, அதுவும் ஆபத்தே.

காயத்திலிருந்து செங்கோடு மேலேறினாலோ காய்ச்சல் கண்டாலோ அடுத்த ஷிப்ட் முடியட்டும் என்று காத்திராமல் வருக. உண்ட மாத்திரையின் அட்டையையும் கையோடு கொண்டுவருக.