அப்டேட் வேண்டும், அலங்காரம் வேண்டாம்

பழகிய பட்டன் ஒரு நாள் திடீரென இடம் மாறியிருக்கும். பயர்பாக்ஸ் பயன்படுத்துவோருக்கு இது புதிதல்ல. 2011ல் பதிப்பு 4 வந்த மூன்றே மாதத்தில் 5 வந்தது. அது முதல் சில வாரங்களுக்கு ஒரு புதிய எண். 2014ல் பதிப்பு 29 தோற்றத்தையே மாற்றியது. 2015ல் பாக்கெட் வசதி நம்மைக் கேட்காமலேயே உள்ளே வந்து அமர்ந்தது. (அந்த சேவையே 2025ல் மூடப்பட்டு விட்டது!) பெரிய அடி, 2017 நவம்பரில் வந்த பதிப்பு 57. பிரவுசரின் வேகம் கூடியது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்த பழைய ஆட்-ஆன்கள் பல, அப்டேட் ஆனதும் நின்று போயின.

இந்தக் கோபத்தில் சிலர் அப்டேட்டையே நிறுத்தி விடுகின்றனர். இது ஆபத்து. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களும் அதே அப்டேட்டில்தான் வருகின்றன.

இதற்கு வழி, மோசில்லா தளத்தில் கிடைக்கும் இஎஸ்ஆர் பதிப்பு. 2012ல் அலுவலகங்களுக்காகக் கொண்டு வரப்பட்டது என்றாலும் வீட்டிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும். புதிய வசதிகள் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறைதான். மாறும் முன் புக்மார்க்குகளை எச்டிஎம்எல் பைலாகச் சேமித்துக் கொள்ளுங்கள். பாஸ்வேர்டுகளையும் எக்ஸ்போர்ட் செய்திடுங்கள். புதிய பதிப்பில் பயன்படுத்திய புரொபைலைப் பழைய எண் கொண்ட இஎஸ்ஆர் திறக்க மறுக்கும்.