600 ரூபாய் ஓஸும் 6 சிலிண்டரும்!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொன்ன பெரியவரிடம் லாரி இருந்திருக்காது. இருந்திருந்தால் மூன்றாவதாக அதையும் சேர்த்திருப்பார்!

என்னிடம் இருப்பது ஒரே ஒரு லாரி. நாமக்கல்லில் ஒற்றை லாரிக்காரனை யாரும் 'லாரி ஓனர்' என்று மதிப்பதில்லை. தவணை கட்டும் தேதியில் மட்டும் ஞாபகமாக 'ஓனர் இருக்காருங்களா?' என்று கேட்பார்கள்.

போன மாசி மாதம். ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு போன். அந்த நேரத்து போன் எதுவும் 'சும்மாதான் கூப்பிட்டேன்' என்று ஆரம்பிக்காது. டிரைவர் அண்ணன்தான்.

"முதலாளி... தொப்பூர் மேட்டுல வண்டியை நிறுத்திட்டேனுங்க. இன்ஜின் சூடேறி இழுவை போயிருச்சு. நல்லா ஆறவிட்டுத் தண்ணி ஊத்தினேன். ஊத்த ஊத்தக் குடிச்சுக்கிட்டே இருக்குது."

"அவ்வளவு தண்ணியும் எங்கே போகுது?"

"கீழே பெரிசா ஒழுகலை. எல்லாம் உள்ளாறதான் போகுது. அதான் மறுபடி ஸ்டார்ட் பண்ணலீங்க."

வண்டியில் புனே போக வேண்டிய ஜவ்வரிசி, 16 டன். விடிந்ததும் இன்னொரு லாரி பிடித்து லோடு மாற்றி, என் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்வதற்குள் அந்த டிரிப்பில் வரவேண்டிய லாபமெல்லாம் ஆவியாகிவிட்டது. (ரேடியேட்டர் தண்ணி மாதிரியே!)

பட்டறை வாசல் டீக்கடையில் எனக்கு இலவச ஆலோசனைக் கூட்டம் நடந்தது.

"பேசாம பழைய இன்ஜின் ஒண்ணு வாங்கி மாட்டிருங்க. ரெண்டே நாள்ல வண்டி ரோட்டுல நிக்கும்" என்றார் ஒருவர். "ரிப்பேர்னு கையை வெச்சா ரிப்பேர்தான்... தொலைச்சுத் தலை முழுகிட்டுப் புதுசா மாட்டுங்க" என்றார் இன்னொருவர். "வண்டியையே வித்துருங்க" என்றார் மூன்றாமவர். அவர் புரோக்கர்.

'இன்ஷூரன்ஸ் இருக்கே' என்று எனக்கு ஒரு நப்பாசை. ஏஜென்டிடம் கேட்டேன். "மோதி உடைஞ்சா கேளுங்க. இன்ஜின் தானா மக்கர் பண்றதெல்லாம் பாலிசியில வராதுங்க" என்று அன்பாகச் சொல்லிவிட்டார்.

எனக்கோ கோபமெல்லாம் டிரைவர் அண்ணன் மேல். சூடு ஏறுவதைக் காட்ட மீட்டர் என்று ஒன்று முன்னால் இருக்கிறதே, அதைப் பார்க்காமல் என்ன செய்தார்? அப்பா காலத்திலிருந்து 19 வருஷமாக ஓட்டுகிறவர். இருந்தாலும் என்ன, 'இனி இவர் வேண்டாம்' என்று மனசுக்குள் முடிவு கட்டி, வேறொரு டிரைவரிடம் ஜாடையாகப் பேசியும் வைத்துவிட்டேன்.

மெக்கானிக் அண்ணன் வந்தார். ஆயில் பார்க்கிற கம்பியை உருவிக் காட்டினார். ஆயில் கறுப்பாக இல்லை. நுரை கட்டிய பால் காபி!

"சேம்பர்ல தண்ணி கலந்திருக்கு. இன்ஜினை இறக்கணும்."

"ரிப்பேரா, மாத்தறதா? ஒரே வார்த்தையில சொல்லுங்கண்ணா."

"திறக்காம சொன்னா அது ஜோசியம். எனக்கு ஜோசியம் தெரியாதுங்க."

அன்று ராத்திரி என் வீட்டுக்காரி கணக்கு நோட்டோடு உட்கார்ந்தாள். எனக்குச் சொல்லப்பட்ட தொகைகள் இவை: எல்லாம் பிரித்து முழுசாக வேலை பார்த்தால் 2 லட்சம் வரை. பழைய இன்ஜின் 1,40,000, மாட்டுக்கூலி தனி. கம்பெனி முறையில் புதுப்பித்த இன்ஜின் என்றால் 3 லட்சத்துக்கு மேல். வண்டியை இப்படியே விற்றால் அடிமாட்டு விலை.

"ஏனுங்க, 1,40,000 தானே கம்மி?" என்றாள்.

மறுநாள் மெக்கானிக் அண்ணனையும் அழைத்துக்கொண்டு பழைய இன்ஜின் பார்க்கப் போனேன். "குழந்தை மாதிரி ஓடும்" என்றார் கடைக்காரர். நம்மவர் பேசவில்லை. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவினார். கையால் சுற்றிப் பார்த்தார். பிறகு டார்ச் அடித்து இன்ஜின் நம்பரைத் தேடினார். நம்பர் இருந்த இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது!

"பில் குடுப்பீங்களா?"

"பில்லெல்லாம் எதுக்குங்க..."

கிளம்பிவிட்டோம். வழியில்தான் விளக்கினார். வேறு இன்ஜின் மாட்டினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லி ஆர்.சி.யில் நம்பரை மாற்ற வேண்டும், இன்ஷூரன்ஸிலும் மாற்ற வேண்டும். அது திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் லாரி பட்டறையிலிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஏன் கழற்றினார்கள் என்பதும் தெரியாது. "உங்க இன்ஜினோட வியாதி எனக்குத் தெரியும். இதோட வியாதி யாருக்குத் தெரியும்?"

மூன்றாம் நாள் இன்ஜின் பிரிந்து தார்ப்பாய் மேல் கிடந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவன் மாதிரி நின்றேன்.

முதலில் ஹெட். இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்தார். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. சூட்டில் வளைந்துவிட்டது. "லேத்துல முகம் சீவினா சரியாகும்." அடுத்து லைனர். மூன்றிலும் நாலிலும் பிஸ்டன் உரசிய கீறல்கள். லைனருக்கு அடியில் தண்ணியைத் தடுக்கும் ரப்பர் ரிங்குகள் கருகிப் போயிருந்தன. ஊற்றிய தண்ணியெல்லாம் அந்த வழியாகத்தான் சேம்பருக்குப் போயிருக்கிறது. "லைனர், பிஸ்டன், ரிங் ஆறு செட்டும் மாத்திரலாம். பிளாக்குல வெடிப்பு இல்லை."

கடைசியாக கிராங்க். அதுதான் இன்ஜினின் முதுகெலும்பு. துடைத்து, மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார். தேய்ந்திருந்தால் 10 தவ், அதாவது கால் மில்லிமீட்டர், கடைந்து அதற்குத் தக்க பேரிங் போடுவார்கள். அப்படி ஒவ்வொரு சைஸாகக் குறைத்துக் கடைசி சைஸும் தாண்டிவிட்டால் கிராங்க் காயலான் கடைக்குத்தான். எங்கள் கிராங்க் கடையவே வேண்டாம்; பாலிஷ் போதும் என்றார்.

"தண்ணி கலந்த ஆயிலோட ஒரு தடவை செல்ஃப் அடிச்சு ஓட்டியிருந்தா பேரிங் உருகி கிராங்க் போயிருக்கும். ராட் உடைஞ்சு பிளாக்கைக் கிழிச்சு வெளியே எட்டிப் பார்த்திருந்தா, நானே 'மாத்துங்க'ன்னு சொல்லியிருப்பேன். உங்க டிரைவர் சாவியைத் திருப்பாம இருந்தாரே, அதுதான் உங்களுக்கு மிச்சமான லட்சம்."

டிரைவர் அண்ணன் சுவரோரமாக நின்று ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. "சரிங்க, முதல்லயே மீட்டரைப் பார்த்து நிறுத்தியிருக்கலாமே?"

"மீட்டர் முள்ளு கீழேதான் இருந்துச்சுங்க முதலாளி" என்றார் மெதுவாக.

"இருந்திருக்கும்" என்றார் மெக்கானிக் அண்ணன். "சூடு பார்க்கிற சென்சார் தண்ணிக்குள்ள முங்கியிருந்தாத்தான் சரியாக் காட்டும். தண்ணியே இல்லைன்னா அது எதைக் காட்டும்? தண்ணி ஏன் இல்லைங்கறதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்காம 3 லட்சத்துக்குப் புது இன்ஜின் மாட்டினாலும் அடுத்த மேட்டுல இதே கதைதான்."

சொல்லிவிட்டு, ரேடியேட்டரின் கீழ் ஓஸை எடுத்து மடக்கிக் காட்டினார். மடிப்பில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. "சூட்டுல பிரஷர் ஏறினா வாயைத் திறக்கும். ஆறினா மூடிக்கும். இது ஒரு நாள்ல வந்ததில்லை. யாருமே பார்க்கலையா?"

டிரைவர் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. தை மாதம், இதே மனிதர், "கீழ் ஓஸு ஊறிப்போச்சுங்க. ஒரு 600 ரூபா ஆகும்" என்றார். நான் என்ன சொன்னேன்? "இந்த டிரிப் போயிட்டு வாங்க, பார்த்துக்கலாம்." அந்த 'இந்த டிரிப்' நாலு தடவை போய்விட்டு வந்தது. அவரோ கேன் கேனாகத் தண்ணி சுமந்து ஊற்றியே ஓட்டியிருக்கிறார். அன்றைக்கு 16 டன்னோடு மேடு ஏறும்போது கேன் தண்ணி எட்டவில்லை.

நியாயமாகப் பார்த்தால், வேலையை விட்டுத் தூக்க வேண்டியது முதலாளியைத்தான்!

அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. ரிப்பேர்தான். லைனர் செட், பேரிங், ஹெட் வேலை, நாசில், பம்ப் சர்வீஸ். அதோடு சூட்டுக்குக் காரணமான எல்லாமும்: ஓஸ்கள், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பேன் பெல்ட், ரேடியேட்டர் அடைப்பு எடுப்பு. மொத்தம் 1,93,000. வீட்டுக்காரியின் நாலு வளையல்கள் அடகுக் கடைக்குப் போய், மூன்று திரும்பிவிட்டன. நாலாவதைப் பற்றி அவள் தினமும் நலம் விசாரிக்கிறாள்.

முதல் 1,000 கிலோமீட்டருக்குக் குறைந்த லோடு, நிதானமான வேகம், அப்புறம் உடனே ஆயில் மாற்று என்று மெக்கானிக் அண்ணன் பத்தியம் சொல்லி அனுப்பினார். அது முடிந்து, முழு லோடோடு வண்டி மறுபடி புனே கிளம்பியது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. ரெண்டு மணிக்கு போன்.

"முதலாளி, தொப்பூர் ஏறிட்டேனுங்க. சூடெல்லாம் சரியா இருக்கு. ஆனா இந்த வைப்பர் பிளேடு மட்டும் கொஞ்சம்..."

"மாத்திருங்கண்ணா!" என்றேன், அவர் முடிப்பதற்குள்.