மூணு மணி நேரத் தூக்கம்... ஆனாலும் செம ஃப்ரெஷ்! பைபோலார்னு தெரிஞ்சவங்க கவனிக்க வேண்டிய சிக்னல்

'பைபோலார் டைப் 2'னு டாக்டர் சொல்லி ரெண்டு மாசம் ஆகுது. எழுந்து பல்லு விளக்குறதே பெரிய வேலையா இருந்த உங்களுக்கு, இந்த வாரம் நிலைமையே வேற. விடியற்காலை நாலு மணிக்கே முழிப்பு, பீரோவை அடுக்கியாச்சு, பாதியில் விட்ட ஆன்லைன் கோர்ஸையும் திரும்ப ஆரம்பிச்சாச்சு. 'அப்பாடா, சரியாகிட்டேன்'னு தோணுதா?

சரியாகியிருக்கலாம். ஆனால், அது ஹைப்போமேனியாவாகவும் இருக்கலாம். ஆரம்பத்தில் ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மனச்சோர்வு வந்தால் டாக்டரிடம் ஓடுவோம். நல்லா இருக்கிறப்போ யாராவது டாக்டருக்கு போன் பண்ணுவாங்களா? டைப் 2 பலருக்கு வருஷக்கணக்கில் வெறும் டிப்ரஷன் என்றே நினைக்கப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதலில் தூக்கத்தைப் பாருங்கள். ராத்திரியெல்லாம் புரண்டு படுத்து, மறுநாள் கண் எரிய ஆபீஸ் போனால் அது தூக்கமின்மை. மூணு மணி நேரமே தூங்கியும் மறுநாள் ஒரு கொட்டாவிகூட வரவில்லை, டீ குடிக்கவே தோணலை என்றால், உடம்பு தூக்கத்தையே கேட்கவில்லை என்று அர்த்தம். ரெண்டு ராத்திரி தொடர்ந்து இப்படிப் போனால் தேதியோடு குறித்து வையுங்கள்.

அடுத்து உங்க போன். நம்மைவிட அதுக்கு ஞாபகசக்தி அதிகம். ராத்திரி ரெண்டு மணிக்கு வரிசையா வாய்ஸ் நோட், இ.எம்.ஐ-யில் வாங்கின கேமரா, பழைய ஃப்ரெண்டுக்கு அனுப்பின பிசினஸ் ஐடியா... எல்லாம் அதில் இருக்கும். பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்கு இடமே கொடுப்பதில்லை, ஒரு யோசனை முடியும் முன்பே அடுத்தது வந்து நிற்கிறது என்பதும் அறிகுறிகள்தான். எல்லோருக்கும் இது ஜாலியாக இருக்காது. சிலருக்கு 'ஏன் எல்லாரும் இவ்ளோ ஸ்லோவா இருக்காங்க?' என்ற எரிச்சலாகவே வரும்.

மருத்துவ வரையறைப்படி, இந்த மாற்றம் குறைந்தது 4 நாள்கள் தொடர்ந்து, மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். வேலை கிடைத்த குஷியில் ஒருநாள் தூங்காததை எல்லாம் சந்தேகப்பட்டால் வாழவே முடியாது! ஆனால் தூக்கம், பேச்சு, செலவு மூன்றும் சேர்ந்து மாறினால் நாலு நாள் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்த நேரத்தில் நம்மை நாமே எடைபோடுவது கஷ்டம். அதனால் நிதானமாக இருக்கும்போதே அக்காவிடமோ நெருங்கிய நண்பரிடமோ சொல்லிவையுங்கள்: 'நான் ஓவரா போறேன்னு தோணினா சொல்லு, கோவப்பட மாட்டேன்.' கோபம் வரத்தான் செய்யும். இருந்தாலும் முன்பே கொடுத்த வாக்கு அப்போது உதவும்.

'நல்லாத்தானே இருக்கேன்'னு மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீங்க. டிப்ரஷன் மாத்திரை சிலருக்கு ஹைப்போமேனியாவைத் தூண்டலாம். அதனால் நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை நைட் ஷிஃப்ட், மது வேண்டாம். வேலையை விடுவது, கடன் வாங்குவது போன்ற முடிவுகளையும் தள்ளிப்போடுங்கள்.

இல்லாத குரல் கேட்டாலோ, தூக்கமே இல்லாமல் கட்டுப்பாடு கைமீறினாலோ, உயிரை விடும் எண்ணம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மனநல ஆலோசனைக்கு, 24 மணி நேரமும் இயங்கும் அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

டாக்டருக்கு போன் செய்யும்போது 'மனசு ஒரு மாதிரி இருக்கு' என்று சொன்னால் அவருக்குப் புரியாது. 'செவ்வாயிலிருந்து தினமும் மூணு மணி நேரம்தான் தூங்குறேன், சோர்வே இல்லை' என்று சொல்லுங்கள்.