மூல நிரல் பகிர்வில் எழுத்து நெறி: லினக்ஸ் திருத்தக் குறிப்புகளை முன்வைத்து

முன்னுரை

பலர் கூடி ஒரே மென்பொருளை ஆக்கும் குழுக்களில் நிரலுக்கு இணையாக உரைநடையும் எழுதப்படுகிறது. நிரலில் ஒரு மாற்றத்தை முன்மொழிபவர், அதன் தேவையை நேரில் அறியாத பிறருக்கு எழுத்தாலேயே உணர்த்த வேண்டியுள்ளது. 1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலின் ஆக்கம் இதற்குத் தக்க சான்றாகும். அதன் ஆவணங்களில் பதிவாகியுள்ள எழுத்து நெறிகள் வெறும் உபசாரம் அல்ல. அவை படிப்பவரின் காலத்தையும் நிரலின் வழிவரலாற்றையும் காப்பவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

படிப்பவரை முன்னிறுத்தல்

லினக்ஸில் ஒவ்வொரு மாற்றமும் ‘பேட்ச்’ எனப்படும் திருத்தமாக அனுப்பப்படுகிறது. பராமரிப்பாளர் அதனை ஆராய்ந்த பின்னரே ஏற்பர். அனுப்புவோர் பலர், ஆராய்வோர் சிலர். இவ்வேற்றத்தாழ்வே பல விதிகளுக்குக் காரணமாகும். ஒரு திருத்தம் ஒரு சிக்கலை மட்டுமே தீர்க்க வேண்டும். பல மாற்றங்களைக் கலந்து அனுப்பினால், பின்னர் பிழை தோன்றும்போது அது எதனால் விளைந்தது எனப் பிரித்தறிதல் அரிதாகும். நிரல், இணைப்புக் கோப்பாக அன்றி மடலின் உள்ளேயே எளிய உரையாக இடம்பெற வேண்டும். அப்போதுதான் உரிய வரியின் கீழேயே கருத்தெழுத இயலும். மறுமொழி எழுதுவோரும் வேண்டிய வரிகளை மட்டும் நிறுத்தி, ஏனையவற்றை நீக்குவர். விடை வாராதபோது, குறைந்தது ஒரு வாரம் காத்திருந்தே நினைவூட்டல் வேண்டும்.

குறிப்பின் அமைப்பும் மொழியும்

விளக்கக் குறிப்பு முதலில் சிக்கலையும், அதனால் பயனருக்கு நேரும் விளைவையும், அதன்பின் தீர்வையும் கூற வேண்டும். அதன் வினைவடிவம் மொழியியல் நோக்கில் கருதத்தக்கது. ‘மாற்றினேன்’, ‘இத்திருத்தம் மாற்றுகிறது’ என்பன விலக்கப்பட்டு, ‘மாற்று’ என்னும் ஏவல் வடிவம் விதிக்கப்படுகிறது. இவ்வேவலின் முன்னிலை படிப்பவர் அல்லர், நிரலே ஆகும். எனவே இது மரியாதைக் குறைவாவதில்லை. எழுதுபவரின் தன்மையிடமும் மறைந்துவிடுகிறது.

திருத்தம் மீண்டும் அனுப்பப்படும்போது அதற்குப் பதிப்பெண் இடப்படுகிறது. முந்தைய பதிப்பினின்று வேறுபடும் இடங்கள் மூன்று சிறுகோடுகளுக்குக் கீழ் குறிக்கப்படுகின்றன. அக்கோடுகளுக்கு மேலுள்ள பகுதி நிரலின் வரலாற்றில் நிலைத்து நிற்கும். கீழுள்ளது அப்போதைய மதிப்பீட்டாளருக்கு மட்டும் உரியது. ஆக, ஒரே மடல் இன்றைய வாசகரையும் வருங்கால வாசகரையும் வேறுபடுத்தி விளிக்கிறது.

வழிவரலாறும் பொறுப்பும்

2003ஆம் ஆண்டு எஸ்.சி.ஓ. நிறுவனம் ஐ.பி.எம். மீது தொடுத்த வழக்கு, லினக்ஸ் நிரலின் உரிமைமூலம் பற்றிய ஐயங்களை எழுப்பியது. அதன் தொடர்ச்சியாக 2004இல் ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்னும் ஒப்ப வரி நடைமுறைக்கு வந்தது. நிரல் தமது ஆக்கம் என்றோ, தக்க உரிமத்துடன் பிறரிடமிருந்து பெறப்பட்டது என்றோ அனுப்புபவர் இவ்வரியால் உறுதி கூறுகிறார். திருத்தத்தைக் கைமாற்றும் பராமரிப்பாளரும் தம் ஒப்பத்தைச் சேர்ப்பர். பிழையைத் தெரிவித்தவர், சோதித்தவர், மதிப்பிட்டவர் ஆகியோருக்கும் தனித்தனி வரிகள் உண்டு. ஆக்கியோன் பெயரையும் நூல் வந்த வழியையும் உரைக்கும் பாயிர மரபை அறிந்தோர்க்கு இந்நோக்கம் அயலானதன்று; ஆயினும் இங்கு அது சட்டப் பொறுப்பாகவும் அமைகிறது.

முடிவுரை

இந்நெறிகள் எழுத்தின் வடிவை ஒழுங்குபடுத்தினவேயன்றி, எழுதியவரை நடத்தும் முறையைப் போதிய அளவு ஒழுங்குபடுத்தவில்லை. மதிப்பீட்டில் கடுஞ்சொல் வழங்குவது நெடுங்காலம் பொறுத்துக்கொள்ளப்பட்டது. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தம் கடுமையான மடல்களுக்கு வருத்தம் தெரிவித்துச் சிறிது காலம் பணியினின்று விலகியிருந்தார். அம்மாதமே, 2015இல் வகுக்கப்பட்ட சுருக்கமான விதிக்கு மாற்றாக விரிவான நடத்தை நெறி ஏற்கப்பட்டது. படிப்பவரின் காலத்தை மதிப்பது எழுதுபவரின் கடன். எழுதியவரின் மாண்பை மதிப்பது படிப்பவரின் கடன். முதலாவது விதியான பின்னரும் இரண்டாவது விதியாக நெடுங்காலம் தேவைப்பட்டமையை இவ்வரலாறு புலப்படுத்துகிறது.